71 வீச்சும் 35 மார்க்கும்



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மகன் ஆறாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த தாளில் அவன் கணக்கு மார்க்குக்குப் பக்கத்திலேயே ‘வகுப்புச் சராசரிக்கு 9 கீழே’ என்று அச்சடித்திருக்கிறார்களாம். “எவ்வளவு வாங்கினான்னு வீட்டுல யாருமே கேக்கல டீச்சர். மேலேயா கீழேயான்னுதான் கேக்குறாங்க” என்று குரல் கம்மிப் போய்ச் சொன்னாள். உனக்கு ஒரு விளையாட்டின் கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். போனில் சொல்லி முடிகிற கதையாக இல்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கடைசியில் நான் ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2019இல் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். கலிபோர்னியாவில் பசடீனா பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன், “அத்தை, வீட்டுக்குள்ளேயே இருக்கீங்களே, வாங்க” என்று ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போனார். நாசாவின் ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்தை ஒட்டியே இருக்கிறது அந்தப் பூங்கா. பெரிய பெரிய ஓக் மரங்கள். நடுநடுவே இரும்புக் கம்பத்தில் கூடை, கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்குகின்றன. ஆட்கள் தட்டை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். இதுதான் டிஸ்க் கோல்ஃப் என்றார் மருமகன்.

விளையாட்டு ரொம்ப எளிது. ஓரிடத்தில் நின்று தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். கூடையில் விழும் வரைக்கும் எத்தனை வீச்சு என்று எண்ண வேண்டும். இப்படிப் பதினெட்டுக் கூடைகள். கோல்ஃப் வழக்கப்படி ஒவ்வொன்றையும் ‘குழி’ என்றே சொல்கிறார்கள். மொத்தத்தில் யாருக்கு வீச்சு குறைவோ அவர் ஜெயித்தவர்.

பேரனுக்கு அப்போது பதினொரு வயது. முதல் முறையாகப் பதினெட்டுக் குழியும் முழுதாக விளையாடுகிறான். நானும் கூடவே நடந்தேன். முடிந்ததும் அவன் முகம் தொங்கிப் போயிற்று. “என்னடா?” என்றேன். “நான் பிளஸ் செவன்டீன், ஆச்சி” என்றான். எனக்குப் புரியவில்லை. “எத்தனை தடவை வீசினாய்? அதைச் சொல்” என்றேன். செல்போனைப் பார்த்து, “71” என்றான். அந்த 17 எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தேன். மருமகன் சொன்னது பாதி, பிறகு நானே தேடிப் படித்தது பாதி. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தட்டு வீசுகிற விளையாட்டு பழையது. 1926இலேயே கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்ற ஊரின் பள்ளிப் பிள்ளைகள், பள்ளி மைதானத்து மணலில் வட்டம் வரைந்து, தகர மூடிகளை அதற்குள் வீசி விளையாடியிருக்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. 1930களின் கடைசியில் மாரிசன் என்ற இளைஞர் கலிபோர்னியாக் கடற்கரையில் கேக் தட்டுகளை வீசிக் காட்டி விற்றார். பிற்பாடு அவரே பிளாஸ்டிக்கில் ஒரு தட்டு செய்தார். அதை 1957இல் வாம்-ஓ கம்பெனி வாங்கியது. ஃபிரிஸ்பி என்ற பெயரும் அந்த ஆண்டில்தான் வந்தது. இதே கம்பெனிதான் அடுத்த ஆண்டு ஹூலா ஹூப் வளையத்தையும் உலகமெல்லாம் விற்றது.

அந்தக் காலத்தில் பூங்காவில் விளையாடியவர்களுக்குக் கூடை ஏது? மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, எது கண்ணில் பட்டாலும் அதுதான் இலக்கு. தட்டு அதில் பட்டால் சரி. இங்கேதான் சண்டை வரும். பட்டுதா, உரசிட்டுப் போச்சா, பக்கத்திலே போச்சா? கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு இது தெரியும். புள் விழுந்த இடத்தைக் கோலால் அளக்கும்போது எத்தனை தகராறு வந்திருக்கிறது நம் தெருவில்!

வாம்-ஓவில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் இதற்கு ஒரு வழி செய்தார். ஃபிரிஸ்பி நேராகப் பறக்கும்படி மேற்பரப்பில் வரிவரியாக வளையம் வைத்து அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவர். 1975இல் ஓக் குரோவ் பூங்காவில் உலகத்தின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தார். நான் பேரனோடு நடந்தது அதே பூங்காதான். முதலில் அங்கே இருந்தவை வெறும் கம்பங்கள். பிறகுதான் சங்கிலிக் கூடை வந்தது. 1977இல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. தட்டு சங்கிலியில் மோதி வேகம் இழந்து கூடையில் விழும். கூடையில் கிடந்தால் முடிந்தது, கிடக்காவிட்டால் இன்னொரு வீச்சு. யாரும் வாதாட முடியாது. 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. அதில் முதல் உறுப்பினர் எண் அவருடையது.

சங்கிலிக் கூடையை எல்லோரும் பிடிக்கும் கருவியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது எண்ணும் கருவியாகத் தெரிகிறது. வீச்சை எண்ணுவதில் சந்தேகமே வரக்கூடாது என்று ஒரு மனுஷர் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது அது.

சரி, 17க்கு வருவோம்.

கோல்ஃபில் ‘பார்’ என்று ஒன்று உண்டு. கண்ணால் பார்க்கிற பார் இல்லை, நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பாரும் இல்லை. ஒரு குழியை நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வைக்கிற எண். சொல் பங்குச் சந்தையிலிருந்து வந்தது. பங்குக்கு முகமதிப்பு என்று கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள். விலை அதற்கு மேலே போகும், கீழே வரும். அதே மாதிரி.

1870இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் ஓப்பன் போட்டி. அப்போது அங்கே பன்னிரண்டே குழிகள். டோல்மன் என்ற எழுத்தாளர் இரண்டு தேர்ந்த ஆட்டக்காரர்களிடம், பிழையில்லாமல் ஆடினால் ஒரு சுற்றுக்கு எத்தனை அடி ஆகும் என்று கேட்டார். 49 என்றார்கள். போட்டி மூன்று சுற்று. 49ஐ மூன்றால் பெருக்கினால் 147. இளைய டாம் மாரிஸ் 149இல் ஜெயித்தார். ‘பாருக்கு இரண்டு மேலே’ என்று எழுதினார் டோல்மன். அந்த மைதானத்தில் அதுவரை யாரும் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை. ஆனாலும் அவர் கணக்கில் இரண்டு ‘மேலே’தான்.

இன்னொரு சொல்லின் கதையையும் கேளுங்கள். 1890 வாக்கில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒருவர் ஒவ்வொரு குழிக்கும் நல்ல ஆட்டக்காரரின் அளவு இது என்று ஓர் எண் வைத்தார். அதற்குப் ‘போகி’ என்று பெயர் வந்தது. போகி எடுத்தால் அந்தக் காலத்தில் மெச்சினார்கள். பிறகு பந்தும் மட்டையும் மேம்பட்டன, ஆட்டக்காரர்களும் தேறினார்கள். அமெரிக்காவில் பார் என்பது போகியை விடக் கடுமையான அளவாக ஆயிற்று. 1911இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 225 கஜம் வரை மூன்று, 425 வரை நான்கு, 600 வரை ஐந்து, அதற்கும் மேலே ஆறு என்று தூரக் கணக்கே போட்டுவிட்டது. போகி என்றால் ‘பாரை விட ஒன்று கூடுதல்’ என்று ஆகிப்போனது. யோசித்துப் பாருங்கள். ஒரே குழி, ஒரே அடி எண்ணிக்கை. தாத்தாவுக்கு அது பாராட்டு, பேரனுக்குக் குறை.

டிஸ்க் கோல்ஃப்காரர்கள் இந்த எண் வைக்கிற பழக்கத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பூங்காவில் போட்ட மைதானங்கள் சின்னவை. ஒவ்வொரு குழிக்கும் தனித்தனி எண் எதற்கு என்று எல்லாக் குழிக்கும் மூன்று என்றே வைத்துக்கொண்டார்கள். 18 குழி, தலைக்கு மூன்று, மொத்தம் 54. பேரன் 71. கழித்தால் 17. அவன் முகத்தைத் தொங்கவிட்டது இந்தக் கழித்தல்தான்.

ஏன் எல்லாம் மூன்று? எண்ணுவதற்கு வசதி. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் ‘ஊகச் சராசரி முறை’ படித்தீர்களே, அதேதான் இது! நடுவாக ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டு, அதிலிருந்து விலக்கத்தை மட்டும் கூட்டுவோம். பேரனின் முதல் ஐந்து குழிகள் 4, 3, 5, 3, 2. மூன்றை ஊகமாக வைத்தால் விலக்கங்கள் +1, 0, +2, 0, −1. கூட்டினால் +2. ஐந்து குழிக்குப் பதினைந்து, அதோடு இரண்டு, பதினேழு. நான்கை ஊகமாக வையுங்கள். 0, −1, +1, −1, −2. கூட்டினால் −3. இருபதில் மூன்று போக, அதே பதினேழு. எந்த எண்ணை ஊகித்தாலும் விடை மாறாது என்று கரும்பலகையில் எத்தனை தடவை போட்டுக் காட்டியிருப்பேன்! காகிதமில்லாமல் நடந்துகொண்டே மனக்கணக்காகச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. ஒருவர் ஐந்து குழி முடித்து 17 வீச்சில் இருக்கிறார். இன்னொருவர் பதினான்கு குழி முடித்து 43இல் இருக்கிறார். யார் முந்தி? மொத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றைக் கழித்தால் முதலாமவர் +2, இரண்டாமவர் +1. இரண்டாமவர் ஒன்று முந்தி நிற்கிறார். 1960இல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டிய ஃபிராங்க் சிர்கினியன் என்ற தயாரிப்பாளர், மொத்த அடிகளுக்குப் பதிலாகப் பாருக்கு எத்தனை மேலே, எத்தனை கீழே என்று காட்ட ஆரம்பித்தது இதற்காகத்தான். பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. அதுவே உலக வழக்கமாகிவிட்டது.

ஆக, அந்த எண் வந்தது வசதிக்காக. கூட்டச் சுலபம், ஒப்பிடச் சுலபம். ஜெயித்தவரை அது மாற்றுவதில்லை. 54ஐக் கழித்தாலும் 72ஐக் கழித்தாலும் குறைந்த வீச்சுக்காரர்தான் ஜெயிப்பார்.

ஆனால் மனுஷ மனசு அப்படியா? 1983இல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாகச் சீவிய புது மாதிரித் தட்டைக் கொண்டுவந்தார். அது பழைய ஃபிரிஸ்பியை விட வெகுதூரம் பறந்தது. பழைய சின்ன மைதானங்களில் தேர்ந்தவர்கள் குழிக்குக் குழி இரண்டு வீச்சில் முடித்தார்கள். எல்லாம் மூன்று என்ற கணக்கில் பத்துக்குக் கீழே என்பது சாதாரணமாகிப் போனது. கோல்ஃபில் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகும் இரண்டு அடி தேவை என்று கணக்கு வைப்பார்கள். இங்கே பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் தேர்ந்தவருக்குப் பெரும்பாலும் ஒரு வீச்சு போதும். கடன் வாங்கிய அளவு பொருந்தவில்லை. அதனால் நீண்ட மைதானங்கள் வந்தன, நான்கு, ஐந்து என்று குழிக்கேற்ற பார்கள் வந்தன. இன்றைய விதிப்படி பார் என்பது சாதாரண வானிலையில், பிழையில்லாமல், ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய எண். அதைப் போட்டி இயக்குநர்தான் வைக்க வேண்டும்.

2018இல் மிச்சிகனில் பால் மெக்பெத் என்ற வீரர் பதினெட்டுக் குழிகளையும் சேர்த்துப் பாரை விடப் பதினெட்டு குறைத்து ஆடினார். 45 வீச்சு. பார் 63, ஆகவே −18. ஊரே கொண்டாடியது. பழைய ‘எல்லாம் மூன்று’ கணக்கில் அதே 45 வெறும் −9தான். அவர் கை செய்ததில் ஒரு மாற்றமும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தச் சங்கம் ஆட்டக்காரர்களுக்குத் தகுதி மதிப்பெண் கொடுக்கிறது. 1000 என்றால் நல்ல தேர்ச்சி. அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது பாரைத் தொடுவதே இல்லை. அதே நாளில், அதே மைதானத்தில், ஏற்கெனவே மதிப்பெண் உள்ள மற்றவர்கள் எத்தனை வீசினார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். மைதானம் அமைப்பதற்கும் தங்கம், நீலம், வெள்ளை, சிவப்பு என்று தரம் பிரித்திருக்கிறார்கள். தங்கம் 1000 மதிப்பெண்காரருக்கு, நீலம் 950, வெள்ளை 900, சிவப்பு 850. ஆளுக்கேற்ற அளவு. தேர்ந்தவரின் அளவுகோலைப் பதினொரு வயதுப் பையன் தலையில் வைக்க வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் 18ஐ நான்கால் பெருக்கினேன். 72. “இப்போ நீ மைனஸ் ஒன்றுடா” என்றேன். “அது ஏமாத்துறது, ஆச்சி” என்றான். “சரி, அப்போ இரண்டையும் தூக்கிப் போடு. 71. அடுத்த தடவை 70 வருதா பார்” என்றேன். அதற்குச் சரி என்றான்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

அன்றைக்குப் பூங்காவில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர் கொண்ட குழு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழி முடிந்ததும் அட்டை வைத்திருந்தவர் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார். அவரவர் தன் எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொன்னார். ஒரு குழியில் யாரோ “இல்லை, நீ நான்கு” என்றார். நான்கு பேரும் நின்று, ஒவ்வொரு வீச்சாகக் கையை நீட்டிக் காட்டி எண்ணினார்கள். நான்குதான். எழுதினார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை.

இது அவர்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு என்று நினைத்தேன். இல்லை, விதியே அதுதான். எண்ணைச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொல்ல வேண்டும், ஒருவருக்கு ஒப்பவில்லை என்றால் குழுவாக எண்ணிப் பார்க்க வேண்டும். கடைசியில் கொடுக்கிற மொத்தம் தப்பாக இருந்தால், சரியான மொத்தத்தோடு இரண்டு வீச்சு தண்டம். கூட்டல் தப்பு என்று யாரும் லேசாக விடுவதில்லை. ஆனால் தப்பான எண்ணை அப்படியே நிறுத்துவதும் இல்லை. முதலில் உண்மையான எண், அதற்கு மேல்தான் தண்டம்.

கோல்ஃபில் விதி இன்னும் கடுமை. 1968 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள், அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோவுக்கு 45ஆவது பிறந்தநாள். பதினேழாவது குழியை மூன்று அடியில் முடித்தார். கூட ஆடியவர் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். சரிபார்க்காமல் விசென்சோ கையெழுத்துப் போட்டுவிட்டார். அடித்தது 65, அட்டையில் 66. கையெழுத்துப் போட்ட பிறகு கூடுதலான எண் அப்படியே நிற்கும் என்பது விதி. ஓர் அடியில் போட்டி கைநழுவிப் போனது. பாப் கோல்பி ஜெயித்ததாக அறிவித்தார்கள். மூன்று என்று எழுதியிருந்தால் இருவரும் சமம், மறுநாள் மோதியிருப்பார்கள். விசென்சோ எழுதியவரைக் குறை சொல்லவில்லை. தன் முட்டாள்தனம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

1989, அரையாண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்பு, கணக்கு. நாற்பத்தாறு பேப்பர். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, வீட்டில் கைக்குழந்தை. திருத்தி, கூட்டி, ரேங்க் கார்டில் ஏற்றினேன். ஒரு பையனுக்கு 32. முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் சிவப்பு மையில் எழுதிக் கோடு போடுவது என் வழக்கம். அப்படியே போட்டேன். பொங்கலுக்குப் பிறகு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். “கணக்கே வராதவனுக்குப் படிப்பு எதுக்கு டீச்சர்? தீப்பெட்டி ஆபீசுக்குப் போறான்” என்றார் அப்பா. இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான்.

2011இல் கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான், கூடவே மகள். காலைத் தொட்டுக் கும்பிட்டான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான். “டீச்சர், அந்தப் பேப்பர் ரொம்ப நாள் எங்கிட்ட இருந்துச்சு. பின்பக்கக் கணக்குக்கு ஆறு மார்க் போட்டிருந்தீங்க, கூட்டும்போது விட்டுட்டீங்க. 38 டீச்சர்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. “ஏம்ப்பா அப்பவே சொல்லல?”

“உங்க கணக்கு தப்புன்னு உங்ககிட்டயே எப்படி டீச்சர் சொல்றது?”

கொஞ்ச நேரம் கழித்து அவனே, “எங்கப்பாவுக்கு ஒரு சாக்கு வேணும் டீச்சர். 38 போட்டிருந்தாலும் வேற ஒண்ணு கிடைச்சிருக்கும்” என்றான். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னானா, உண்மையைத்தான் சொன்னானா, தெரியாது. ஆனால் அந்தச் சாக்கை என் பேனாதான் எழுதிக் கொடுத்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் பேப்பரைத் தானே கூட்டி, எழுந்து நின்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் ரேங்க் கார்டில் எழுதுவது என்று அதற்குப் பிறகு வைத்துக்கொண்டேன். 2016இல் ஓய்வு பெறும் வரை அப்படித்தான். கடைசி ஐந்து வருஷத்தில் என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். “டீச்சர், ரெண்டு மார்க் கூடப் போட்டிருக்கீங்க” என்று குறைக்கச் சொல்லி வந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு முன்னால் படித்த இருபத்தைந்து வருஷப் பிள்ளைகளுக்கு அந்த உரிமையை நான் கொடுக்கவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை மார்க் விட்டுப் போயிற்றோ.

ஓக் குரோவில் அந்த நான்கு பேரைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது இதுதான். அவர்கள் வீச்சை எண்ணுவதில் கறாராக இருக்கிறார்கள். நாலு பேர் நின்று எண்ணுகிறார்கள், யார் வேண்டுமானாலும் வாய் திறக்கலாம். பாரை ஒரு வசதி என்று மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மூன்று, இன்னொரு காலத்தில் நான்கு, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்கிறார்கள். நான் நேர் தலைகீழாகச் செய்திருந்தேன். 35 என்ற எண்ணைச் சாமி மாதிரி வைத்திருந்தேன். அது யாரோ வைத்த அளவு. எண்ணிக் கூட்ட வேண்டிய மார்க்கை அரைத் தூக்கத்தில் கூட்டினேன். எனக்கு எதிராகப் பேச ஒருவருக்கும் இடம் வைக்கவில்லை.

பார் அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிஸ்க் கோல்ஃபிலும் ஓரிடத்தில் அது உண்மையான வீச்சாகிறது. தாமதமாக வந்து ஒரு குழியைத் தவறவிட்டால், அந்தக் குழியின் பாரோடு நான்கைச் சேர்த்து எழுதிவிடுவார்கள். வீசாத வீச்சை எண்ண முடியாது, அதனால் ஊகத்தை எழுதுகிறார்கள். நியாயம்தான். ஆனால் பிள்ளை வந்திருக்கிறான், எழுதியிருக்கிறான், மார்க் கையில் இருக்கிறது. அப்போதும் நாம் ஊகத்தைப் பார்த்துப் பேசினால் என்ன அர்த்தம்?

போன் செய்த என் மாணவிக்கு இதுதான் பதில். தாயி, ‘9 கீழே’ என்பதை விடு. பேப்பரை வாங்கு. அவனையே உட்கார்த்தி வைத்துக் கூட்டச் சொல். கூட்டல் சரியா என்று நீயும் பார். எந்தக் கணக்கில் எத்தனை போயிற்று என்று அவன் வாயால் சொல்லட்டும். அடுத்த தேர்வில் இந்த எண்ணை விட ஒன்று கூடுகிறதா என்று பாருங்கள். சராசரி அதன் பாட்டுக்கு இருக்கட்டும். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் பதினைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். பிள்ளைகள் உங்கள் கூட்டலைத் தப்பு என்று சொல்ல முடிகிறதா என்று மட்டும் நாளைக்கு வகுப்பில் பாருங்கள்.

எட் ஹெட்ரிக் 2002இல் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகள் செய்தார்கள். இறந்த பிறகும் பறக்க ஆசைப்பட்ட மனுஷர்.

பேரனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. போன மாதம் வீடியோ காலில், “ஆச்சி, 58!” என்றான். பாருக்கு மேலேயா கீழேயா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லாரி ஆபீஸ் வைத்திருக்கும் என் மாணவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேர் மட்டும் போடாதீங்க டீச்சர்” என்றான். போடவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் திருத்தாமல் கிடப்பதை இங்கே எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லித் திருத்துகிறேன்.

ஏழாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு, 1989, கணக்கு: 38.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்